சிவப்புப் புள்ளி வைத்த கேபிள்

காலை எட்டே முக்காலுக்கு என் தங்கை வந்து தீப்பெட்டி அளவு பாட்டு பிளேயரை மேஜைமேல் வைத்தாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. பதினோரு மணிக்கு அவளுக்கு விசாரணை.

அவள் ஒரு மருந்து கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். சோதிக்காத மாத்திரைப் பெட்டிகளைச் சோதித்ததாகக் கையெழுத்துப் போடச் சொன்னார் மேனேஜர். மாட்டேன் என்றாள். மறுநாளே பெட்டி திருடினாள் என்று பட்டம் கட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. பாட்டுக் கேட்டால் கை வேகமாக ஓடும் என்று பிளேயருக்கு மட்டும் அனுமதி. அதில் பேச்சைப் பதிகிற பட்டனும் உண்டு என்பது அந்தப் புத்திசாலிகளுக்குத் தெரியவில்லை. மேனேஜர் மிரட்டியது முழுவதும் அதற்குள் இருந்தது. பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால்தான் கோப்பில் சேர்ப்பேன் என்று விசாரணை அதிகாரி சொல்லியிருந்தார்.

வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது. என் கணவர் அதே கம்பெனியில் எலக்ட்ரீஷியன். பிறகென்ன, பத்து நிமிஷ வேலை என்று நினைத்தேன்.

அவர் டூல்ஸ் பையிலிருந்து ஒரு கேபிளை எடுத்துச் செருகினார். பிளேயரில் சார்ஜ் ஏறும் படம் வந்தது. கம்ப்யூட்டர் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"இடத்தை மாத்திக் குத்திப் பாருங்க மாமா," என்றாள் தங்கை.

மாற்றினார். ஒன்றுமில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். அது எழுந்து வருவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. அப்போதும் ஒன்றுமில்லை. பிளேயரின் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து அதையும் அணைத்துப் போட்டார். திரையில் எதையெதையோ திறந்து மூடினார்.

"டிரைவர் சாஃப்ட்வேர் போயிருக்கும். பழைய பொருள்தானே," என்றார்.

"போன வாரம் பக்கத்து வீட்டுல மாட்டினப்ப வந்துச்சே மாமா."

"போன வாரம் வந்தா இன்னைக்கும் வரணுமா?"

மணி ஒன்பதரை. வீட்டில் ஒரு ஸ்விட்ச் கெட்டால், "மொதல்ல ஒயரைப் பாரு, அப்புறம் மத்ததைப் பாரு" என்று எனக்கே பாடம் எடுக்கிற மனுஷன், இன்றைக்கு ஒயரைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"நகருங்க, பின்னாடி செருகிப் பாக்கறேன்," என்று மேஜைக்கு அடியில் குனிந்தேன்.

"நீ தொடாத. இருக்கறதையும் கெடுத்துடாத."

நான் எந்தக் காலத்தில் அவர் சொல்லித் தொடாமல் இருந்திருக்கிறேன்? கேபிளை உருவிக் கையில் எடுத்தேன். அதன் தலையில் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி. என் நெயில் பாலிஷ்.

போன மாதம் அந்தப் பாட்டிலை அவர்தான் கேட்டு வாங்கிப்போனார். யாரும் கம்பெனிக் கணக்குவழக்கைக் காப்பி எடுத்துவிடக் கூடாது என்று, ஆபீஸில் உள்ள கேபிள்களின் உள்ளே தகவல் போகிற இரண்டு ஒயர்களை மட்டும் வெட்டச் சொன்னாராம் மேனேஜர். அதற்கப்புறம் அது சார்ஜ் மட்டும்தான் ஏற்றும். வெட்டியது வெளியே தெரியாமல் உறை போட்டு மூடி, தனக்கு அடையாளம் தெரிய ஒவ்வொன்றிலும் புள்ளி வைத்தார். கம்பெனியே எனக்குக் கடன்பட்டிருக்கிறது என்று அன்றைக்குக் கேலி செய்தேன்.

மேஜைக்கு அடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தவறி எடுத்திருப்பார், அவசரத்தில் கவனித்திருக்கமாட்டார் என்று மனசு சப்பைக்கட்டு கட்டியது. கை மட்டும் டூல்ஸ் பைக்குள் போனது. அடியில் இன்னொரு கேபிள் கிடந்தது. புள்ளி இல்லாதது.

பிளேயரை அதில் மாட்டிச் செருகினேன். மேலே கம்ப்யூட்டர் 'டிங்' என்றது.

"வந்துடுச்சுக்கா," என்றாள் தங்கை.

எழுந்து வந்து நானே அந்தப் பதிவை ஓடவிட்டேன். மேனேஜர் குரல், கையெழுத்துப் போடலைன்னா திருட்டுக் கேஸ்தான் என்றது. தங்கை குரல், அதைச் சாப்பிடறவங்க என்ன சார் ஆவாங்க என்றது. அப்புறம் அவள் குரல் வேறு பக்கம் திரும்புகிறது: "மாமா, ஏணியில நின்னு கேட்டுக்கிட்டுத்தானே இருக்கீங்க, நீங்களாவது சொல்லுங்க."

"போட்டுட்டுப் போம்மா. நமக்கெதுக்கு வம்பு?"

என் கணவரின் குரல். அந்த நேரத்தில் அந்த அறையிலேயே இல்லை என்று விசாரணைக்கு எழுதிக் கொடுத்திருந்த மனுஷனின் குரல். என்னிடமும் அதையேதான் சொல்லியிருந்தார்.

அவரை நாலு கேள்வி கேட்கத் திரும்பியவள், தங்கையைப் பார்த்து நின்றேன். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

"நான்தானே பதிஞ்சேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"மாமாவே சொல்லுவார்னு பாத்தேன்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "என் வேலையும் போயிடும். ரெண்டு பேருமே வீட்டுல உக்காரணும். அந்தக் கடைசித் துண்டை மட்டும் வெட்டிடலாம்," என்றார்.

"வெட்டினா, வெட்டின பதிவுன்னு தூக்கிப் போட்டுடுவாங்க," என்றாள் அவள்.

உண்மைதான். முழுசாகப் போனால்தான் அவள் தலை தப்பும். முழுசாகப் போனால் இவர் தலை உருளும். இந்த வீட்டில் உலை கொதிப்பது அவர் சம்பளத்தில். அது எனக்குத் தெரியாமல் இல்லை. அப்படியும் முழுப் பதிவையும் பென் டிரைவில் ஏற்றினேன்.

மணி பத்து. அவர் பைக் சாவியை எடுத்தார்.

"வா, கொண்டுபோய் விடறேன்."

தங்கை பென் டிரைவைக் கைக்குட்டையில் முடிந்து பைக்குள் வைத்தாள். "உள்ள வந்து சொல்றதா இருந்தா வாங்க மாமா. வாசல் வரைக்கும்தான்னா நான் பஸ்லயே போய்க்கறேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவருக்காக நான்தான் பேசுவேன். வீட்டு ஓனரிடம், கடைக்காரரிடம், அவருடைய அம்மாவிடம்கூட. இப்போதும் அவர் என்னைத்தான் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

தங்கை செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

"இரும்மா," என்றார். "உள்ளயே வர்றேன்."