அக்காவின் அளவு

தையல்காரியின் அக்காவை அடக்கம் செய்த மறுநாள் காலை, அவளுடைய தோல் மட்டும் வீட்டுக்குத் திரும்பி வந்தது. சாதாரணக் காய்ச்சலுக்குச் சல்பா என்ற கிருமிக்கொல்லி மாத்திரை சாப்பிட்டவள் அவள். கண் சிவந்து, வாய் வெந்து, மருத்துவமனைப் படுக்கையில் பட்டை பட்டையாக உரிந்துபோனாள். வந்த தோலோ முழுசாக இருந்தது. தொழில் புத்தி யாரை விட்டது? தையல்காரி அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். எங்கும் ஒட்டுப் போட்ட அடையாளமில்லை. ஆள்காட்டி விரலில் ஊசி ஏறிய பழைய தழும்புகூட அப்படியே இருந்தது. அது யாரையும் கேட்காமல் கதவுக்குப் பின்னாலிருந்த கொக்கியில் போய்த் தொங்கிக்கொண்டது.

உறவில் சிலருக்கு மட்டுமே அது பொருந்தும் என்பது தற்செயலாகத் தெரியவந்தது. பீப்பாய் மாதிரி இருந்த சித்தப்பா விளையாட்டாகக் கையை நுழைத்தார்; அளவெடுத்துத் தைத்ததுபோல் கணுக்கால் வரை கச்சிதமாக உட்கார்ந்தது. ஒல்லிக்குச்சி அத்தைக்கோ முழங்கைக்கு மேல் ஏறவில்லை. பின்னொரு மழைக்காலத்தில் இருவருக்கும் அதே மாத்திரை கிடைத்தது. அத்தை சாப்பிட்டுவிட்டு நன்றாகவே நடமாடினாள். சித்தப்பா உரிந்து, போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு யாரும் அதைப் போட்டுப் பார்க்கவில்லை.

ரத்தத்திலேயே கோளாறு என்று வெளியே தெரிந்தால் வீட்டுப் பெண்களை யார் கட்டுவார்கள்? இரண்டு சாவுக்கும் காய்ச்சல் என்றே சொல்லிவைத்தார்கள். கொக்கியில் என்ன என்று கேட்டவர்களிடம் தையல்காரி, "பழைய மழைக்கோட்டு" என்பாள். அப்போதெல்லாம் தோல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும். கதவைத் தொட்டால் காய்ச்சல்காரியின் நெற்றிபோல் சுடும். தன் மகளுக்கு அதைப் போட்டுப் பார்க்கத் தையல்காரிக்குத் தைரியம் வரவில்லை. தெரியாமலே இருந்துவிட்டால் இல்லாமலே போய்விடும் என்று நினைத்தாள், பாவம். மகளுக்கு நல்ல இடத்தில் கல்யாணமும் நடந்தது.

கல்யாணமான மறுவருடம் மகளை நீர்க்கடுப்பும் குளிர்காய்ச்சலுமாக மருத்துவமனையில் சேர்த்தார்கள். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். பக்கத்தில் சம்பந்தியம்மா. "அப்படி ஒண்ணும் இல்லீங்க" என்றது தையல்காரியின் வாய், பழக்க தோஷத்தில். டாக்டர் அதே மாத்திரையை எழுதினார்.

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவளை வெளியே போகவிடாமல் தோல் வாசலை மறித்து நின்றது. அதன் கண் ஓட்டைகளிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. தையல்காரி துணிப்பையைக் கீழே போட்டாள். "வா அக்கா" என்று அதை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

சம்பந்தியம்மா தண்ணீர் டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தாள். மகளின் உள்ளங்கையில் மாத்திரை.

"அதக் கீழ போடு! எங்க அக்காவும் சித்தப்பாவும் காய்ச்சல்ல சாகல, சம்பந்தியம்மா. இந்த மாத்திரைலதான் செத்தாங்க. நான்தான் இத்தன வருஷமா மறைச்சேன்."

தோலை மகளுக்குப் போட்டுவிட்டாள். ஒரு சுருக்கம் விழவில்லை. உள்ளேயிருந்து மகள் அழ, வெளியே அக்காவின் கை எழும்பித் தையல்காரியின் கன்னத்தைத் துடைத்தது. டாக்டர் மணிக்கட்டுப் பக்கம் பிடித்துப் பார்த்தார், இறுக்கமுமில்லை, தொளதொளப்புமில்லை. "ரத்தத்தையும் பாத்துடலாம். ரத்தத்துல இந்தக் கோளாறு இருக்கற எல்லாருக்கும் அப்படி ஆகாது. ஆனா இவங்களுக்கு இந்த மாத்திரை வேண்டவே வேண்டாம்" என்று வேறு மருந்து எழுதினார். பிறகு வந்த பரிசோதனை முடிவும் தோல் சொன்னதையே சொன்னது.

"முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா நாங்க பொண்ணு எடுத்திருக்கவே மாட்டோம்" என்றாள் சம்பந்தியம்மா, ஒளிவுமறைவில்லாமல். கொஞ்ச நேரம் கழித்து, "பேரப்பிள்ளை பொறந்தா அதுக்கும் ஒருதடவ போட்டுப் பாத்துடணும்" என்றாள்.

இப்போது அது கொக்கியில் இல்லை. தையல் மெஷினுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பழைய துணிகளில் பொத்தான் பிரிக்கிறது. சட்டைக்கு அளவு கொடுக்க வந்த ஒரு பெண், அது என்ன என்று கேட்டாள்.

"எங்க அக்கா" என்றாள் தையல்காரி.

அந்தப் பெண் சற்று நகர்ந்து, அக்காவுக்கு வெளிச்சம் விட்டு நின்றாள்.