கடல் சாதாரணமாக இருக்கும்

ஸ்ரீரங்கன் சிவப்புப் பேனாவை எடுத்தபோதே ஜலஜாவுக்குக் காது மடல் சுட ஆரம்பித்துவிட்டது. அவர் அவசரப்படவில்லை. அவள் எழுதியிருந்த நாலாவது வரியை உதட்டை அசைத்து ஒரு தரம் படித்தார். பிறகு ஸ்கேலை வைத்து, அந்த வரியின் குறுக்கே நேராக ஒரு கோடு இழுத்தார்.

“இதை என்னத்துக்கு எழுதினே?”

தியாகராய நகரில் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு வாடகை வீட்டின் மாடியில் இருந்தது அந்தக் கரையோரத் தகவல் நிலையம். கப்பல்களிலிருந்தும் துறைமுகங்களிலிருந்தும் வரும் வானிலைத் தாள்களைப் பார்த்து, மீனவர்களுக்காக நாலு வரி அறிக்கை எழுதி, சாயங்காலம் ஐந்தரைக்கு வானொலிக்குப் போனில் படிக்க வேண்டும். எழுதுவதும் படிப்பதும் ஜலஜாவின் வேலை. கையெழுத்துப் போடுவது மேலதிகாரியான ஸ்ரீரங்கனின் வேலை. எழுபத்து மூன்றாம் வருஷம், ஏப்ரல் மாதத்து வெள்ளிக்கிழமை அது. ஜன்னலுக்கு வெளியே ஒரு இலைகூட அசையவில்லை.

“நாளைக் காலம்பற பெரிய அலை வரப்போறது சார். அதனாலதான் எழுதினேன்.”

“காத்து எவ்வளவு?”

“எட்டு கிலோமீட்டர்.”

“எட்டு கிலோமீட்டருக்கு என்ன வார்த்தை?”

“சாதாரணம். ஆனா சார்...”

“அப்புறம் என்ன ஆனா?”

அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு அட்டவணை இருந்தது. காற்று இவ்வளவு என்றால் கடல் சாதாரணம். இவ்வளவுக்கு மேல் போனால் கொந்தளிப்பு. அதற்கும் மேல் கடும் கொந்தளிப்பு. கடலுக்கு மொத்தமே மூன்று வார்த்தைகள். காற்று இல்லாமல் அலை வரும் என்பது அந்த அட்டவணை போட்டவருக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் எழுத இடம் போதவில்லை.

ஜலஜா தாள்களை அவர் முன்னால் பரப்பினாள். “நாலு கப்பல்ல ஒரே மாதிரி எழுதியிருக்கா, பாருங்கோ. தெற்கே வெகு தூரத்துல எங்கேயோ புயல் அடிச்சிருக்கு. அந்த அலை இங்க வந்துண்டிருக்கு. பதினாறு செகண்டுக்கு ஒண்ணு. நடுக்கடல்ல தெரியவே தெரியாது. கரைகிட்ட பாறை இருக்கிற இடத்துக்கு வந்தாத்தான் எழும்பும். அடையாறு முகத்துவாரத்துக்குத் தெற்கே பார் இருக்கு. அங்கதான் அவா தூண்டில் போடுவா.”

“பாரா?”

“தண்ணிக்கு அடியில இருக்கிற பாறைத்திட்டு சார். மீனவா அப்படித்தான் சொல்லுவா.”

ஸ்ரீரங்கன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “போன வருஷம் நீ பிடிவாதம் பிடிச்சேன்னு கொந்தளிப்புன்னு போட்டோம். ஒண்ணும் வரலை. மெமோ யாருக்கு வந்தது? உனக்கா வந்தது? போ. போய்ப் படி. மணி அஞ்சு இருபத்தெட்டு.”

அவள் போனாள். அதுதான் பின்னால் அவளை அறுத்தது. கத்தியிருக்கலாம், தாளைக் கிழித்திருக்கலாம், போனைத் தொட மாட்டேன் என்று நின்றிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. கறுப்பு ரிசீவரை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மிச்சமிருந்த மூன்று வரிகளைத் தன் வாயாலேயே படித்தாள். “கடல் சாதாரணமாக இருக்கும்.”

அடையாறு முகத்துவாரத்து மீனவர் குப்பத்தில் அவளைத் தெரியும். ஆறு மாதத்துக்கு முன்னால் நிலையம்தான் அவளை அனுப்பியது, வானொலி அறிக்கையைக் கேட்டுவிட்டுக் கடலுக்குப் போகச் சொல்லி மீனவர்களிடம் பேசிவிட்டு வா என்று. பஞ்சாயத்து ரேடியோவின் ஒலிபெருக்கிக்குக் கீழே இருபது முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். தேசப்பன் என்கிற முப்பத்தைந்து வயதுக்காரன் மட்டும் நின்றுகொண்டே கேட்டான்.

“காத்த சொல்லுவீங்க, சரி. அலைய சொல்லுவீங்களா? எங்கள காத்து ஒண்ணும் பண்ணாதும்மா. அலைதான் அடிக்கும்.”

“அலையையும் சொல்லுவோம்” என்றாள் ஜலஜா. “நான்தான் எழுதறேன். கண்டிப்பா சொல்லுவேன்.”

“நீ சொல்றியா? அப்ப கேக்கறோம்” என்று தேசப்பன் சிரித்தான். அவன் தம்பி கன்னியப்பன், கல்யாணமாகி ஒரு வருஷம் ஆனவன், அவளுக்கு ஒரு நுங்கு வெட்டிக் கொடுத்தான்.

சனிக்கிழமை காலையில் மயிலாப்பூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து அடையாற்றில் இறங்கி, மணலில் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது அரை மைல் தூரத்திலேயே அவளுக்கு அது கேட்டது. வண்டி வண்டியாகக் கருங்கல் கொட்டுவதுபோலச் சத்தம், கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும். வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. காற்றே இல்லை. கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி மினுமினுத்தது. அந்த மினுமினுப்புக்கு அடியிலிருந்து, கரைக்கு அப்பால் பார் இருக்கும் இடத்தில், ஒரு சுவர் எழும்பி, ஒரு கணம் பச்சையாக நின்று, உடைந்து வெள்ளையாகச் சரிந்தது. அவள் கணக்குப் பார்த்தாள். பதினாறு செகண்டு. அவள் எழுதியது அப்படியே நடந்துகொண்டிருந்தது.

கரையில் கூட்டம். ஒரு கட்டுமரம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. தேசப்பனைக் கழற்றிய கதவு ஒன்றில் படுக்க வைத்திருந்தார்கள். இடுப்புக்குக் கீழே அவன் கால் எந்தப் பக்கம் போகக்கூடாதோ அந்தப் பக்கம் போயிருந்தது. கண் திறந்திருந்தது. கன்னியப்பன் இல்லை. நாலு கட்டுமரங்கள் பாரைச் சுற்றித் தேடிக்கொண்டிருந்தன, கிட்டே போக முடியாமல்.

தேசப்பனின் மனைவி ஏகவல்லி ஜலஜாவைப் பார்த்துவிட்டாள். எழுந்து நேராக வந்தாள்.

“நேத்து ரேடியோல இன்னா சொன்ன?”

ஜலஜா கதவில் கிடந்த தேசப்பனைப் பார்த்தாள்.

“சொல்லு. இன்னா சொன்ன? எம் புருசன் ராவு சாப்புடறப்பவே சொல்லிச்சு, தண்ணி ஒரு மாரியா கீது, நாளிக்கு பாருக்கு போவ வாணான்னு. கன்னியப்பன்தான் சொன்னான், அந்தம்மா சாதாரணம்னு சொல்லிகீது அண்ணே, அது அலையக்கூட பாத்துதான் எய்தும்னு. உன்ன நம்பிப் பூட்டானே! பொண்டாட்டி ஏயு மாசம்டி! இப்ப அவளாண்ட போய் சொல்லு, சாதாரணம்னு சொல்லு!”

யாரோ ஏகவல்லியைப் பிடித்து இழுத்தார்கள். நான் எழுதினேன், அவர் அடித்துவிட்டார் என்று அங்கே நின்று சொல்வதற்கு ஜலஜாவுக்கே அருவருப்பாக இருந்தது. படித்தது யார்?

கன்னியப்பன் மறுநாள் திருவான்மியூர்ப் பக்கம் பிணமாகக் கரை ஒதுங்கினான்.

திங்கட்கிழமை ஸ்ரீரங்கன் அவளை “உட்காரு” என்றார். மூன்று வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னதே இல்லை. மேஜையில் புதிதாக டைப் அடித்த ஒரு தாள் இருந்தது. வெள்ளிக்கிழமைத் தேதி. வெள்ளிக்கிழமை அறிக்கை. நாலு வரி.

நாலாவது வரி அவளுடையது. ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. காற்று இல்லாவிட்டாலும் தெற்கிலிருந்து பெரும் அலைகள் நாளை காலை கரையை அடையும். நீரடிப் பாறைத் திட்டுகளின் மேல் உடையும் என்பதால் மீனவர்கள் அங்கே செல்ல வேண்டாம்.

“சைதாப்பேட்டையில விசாரணை வெச்சிருக்கா, வியாழக்கிழமை” என்றார் அவர் தணிந்த குரலில். “நாம எச்சரிக்கை கொடுத்தோம், அவா கேக்காம போயிட்டா. அவ்வளவுதான். வானொலிக்காரா அன்னிக்கு எழுதிண்ட தாள் இப்போ அவாகிட்ட இல்லையாம், விசாரிச்சுட்டேன். நீ படிச்சேன்னு ஒரு கையெழுத்து போட்டுட்டா போதும். எழுதினது நீதானேம்மா. பொய்யா எழுதச் சொல்றேன்?”

ஜலஜா அந்தத் தாளையே பார்த்தாள். அன்றைக்கு ஸ்கேல் வைத்து அடித்த அதே வரியை இன்றைக்குச் சுத்தமாக டைப் அடித்து, இடமும் விட்டு, கீழே அவள் பெயரும் போட்டு வைத்திருக்கிறார். பிழைப்பதற்கு அந்த வரி வெள்ளிக்கிழமை கன்னியப்பனுக்குத் தேவைப்பட்டது, திங்கட்கிழமை இவருக்குத் தேவைப்படுகிறது. அவள் அதை அவர் பக்கமே தள்ளினாள்.

“அவன் கேக்காம போனான்னு நீங்க சொல்லப் போறேளா?”

“சத்தம் போடாதே.”

“அவன் கேட்டுட்டுத்தான் சார் போனான்! கேட்டதனாலதான் போனான்! கேக்காதவன் எல்லாம் உசிரோட இருக்கான்!”

பக்கத்து அறையில் டைப் அடிக்கும் சத்தம் நின்றது. ஸ்ரீரங்கன் முகம் கறுத்தது. “உனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகலை. ஞாபகம் வெச்சுக்கோ. ஆத்துல சம்பாதிக்கிறது நீ ஒருத்திதான்.”

“ஞாபகம் இருக்கு” என்று ஜலஜா எழுந்தாள். ஃபைல் அலமாரியைத் திறந்து, வெள்ளிக்கிழமைத் தாளை, சிவப்புக் கோடு போட்ட அசலை, அவர் கண் முன்னாலேயே உருவி எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அவர் “ஏய், ஏய்” என்றாரே தவிர நாற்காலியை விட்டு எழவில்லை.

வீட்டில் அப்பா வேதாந்தம் விஷயத்தை முழுக்கக் கேட்டார். பிறகு, “போனவன் போயிட்டான். உன் வேலையும் போகணுமா? அந்த வரியை நீ எழுதினது நிஜம்தானே, கையெழுத்தைப் போட்டுட்டு வந்துடேன்” என்றார்.

“நிஜம்தான்ப்பா. ஆனா யாருக்கும் சொல்லலையே. சொல்லாத நிஜத்துக்கு என்ன பேரு?”

அவள் கையிலிருந்த டம்ளரை வைத்த வேகத்தில் காபி சுவரெல்லாம் தெறித்தது. அதைத் துடைக்கும்போதும் கோபம் ஆறவில்லை. ஸ்ரீரங்கன் மேல் பாதி. மீதி, வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு ரிசீவரை எடுத்த தன் கையின் மேல்.

வியாழக்கிழமை விசாரணை அதிகாரி முன்னால் ஸ்ரீரங்கன் டைப் அடித்த தாளை நீட்டினார். ஜலஜாவின் முறை வந்தபோது அவள் அசலை மேஜையில் விரித்தாள்.

“இதில் கோடு போட்டது யார்?” என்று அதிகாரி கேட்டார்.

“அதோ உட்கார்ந்திருக்கார்.”

“வானொலிக்கு நீங்கள் படித்தது?”

“கோடு போட்டதுக்கு அப்புறம் மிச்சம் இருந்தது. கடல் சாதாரணமாக இருக்கும்னு படிச்சேன். தப்புன்னு தெரிஞ்சே படிச்சேன். அதையும் எழுதிக்கோங்கோ.”

குமாஸ்தா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான். “எழுதிக்கோங்கோ” என்றாள் மறுபடியும். பின்வரிசையில் கன்னியப்பனின் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

முடிவு வர நாலு மாதம் ஆனது. எச்சரிக்கை கொடுக்கப்படவில்லை என்றும், மீனவர்கள் மேல் தவறு இல்லை என்றும் எழுதினார்கள். ஸ்ரீரங்கனுக்கு ஒரு கண்டனக் கடிதம் வந்தது. அதை வாங்கிக்கொண்டு அவர் அடுத்த வருஷம் ஓய்வு பெறும்வரை அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜலஜாவுக்கும் ஒன்று வந்தது, அலுவலகத் தாளை அனுமதியின்றி வெளியே எடுத்துப் போனதற்காக. வேலை நிரந்தரமாவது ஒரு வருஷம் தள்ளிப்போனது. அட்டவணையில் மட்டும் ஒரு மாற்றம் செய்தார்கள். இனிமேல் அலைக்கென்று தனியாக ஒரு வரி எழுதலாம்.

அந்த உத்தரவு வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை அவள் குப்பத்துக்குப் போனாள். தேசப்பன் ராயப்பேட்டை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு மாதமாகியிருந்தது. வீட்டுக்கு வெளியே ஒரு கட்டையில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஊன்றுகோல். இனிமேல் கட்டுமரம் ஏற முடியாது. அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“மன்னிப்புக் கேக்க வரலை” என்றாள் ஜலஜா. “இனிமே அலையைத் தனியா எழுதலாம்னு உத்தரவு போட்டிருக்காங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

“யாருக்கு சொல்ற? எனக்கா?” அவன் வலையைக் கீழே வீசினான். “எந்தம்பி மண்ணுல கீறான். இப்ப வந்து உத்தரவுன்ற. இந்த ஒரு வரி எய்தறதுக்கு இம்மாம் நாளாச்சா உங்க ஆபீசுக்கு?”

“ஆச்சு.”

“அன்னிக்கி நீ இன்னாதான் எய்தின? ஏகவல்லி சொல்லிச்சு, விசாரணைல படிச்சாங்கன்னு. படி, கேப்போம்.”

அவள் சொன்னாள். நீரடிப் பாறைத் திட்டுகளின் மேல் உடையும் என்ற இடம் வந்ததும் அவன் கையை உயர்த்தி நிறுத்தினான்.

“நீரடியா? எவனுக்குத் தெரியும் அது? அதையே படிச்சிருந்தாலும் எங்களுக்கு வெளங்கி இருக்காது. எய்து. பார்ல அலை ஒடையும், யாரும் பாருக்கு போவாதீங்க. அவ்ளோதான். இன்னாத்துக்கு இம்மாம் பெரிசு?”

அவளுக்கு முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. அந்த வரிக்காக இத்தனை நாள் சண்டை போட்டாளே, அந்த வரியும் ஆபீஸ் பாஷைதான். மண்ணில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதினாள். “அலை பெரிசா வந்து, ஆனா பார்ல உடையாதுன்னா எப்படிச் சொல்லணும்?” என்று கேட்டாள்.

தேசப்பன் கடலைப் பார்த்தான். அன்றைக்கு அது அமைதியாக இருந்தது. பிறகு, அவள் பக்கம் திரும்பாமலேயே, ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தான், ஒவ்வொரு வார்த்தையையும் கல் எறிவதுபோல. அவள் எழுதிக்கொண்டே போனாள். நாலு பக்கம் ஆனது.

மீன் கூடையோடு திரும்பி வந்த ஏகவல்லி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கூடையை இறக்கிவிட்டு, உள்ளே போனாள். போகிற போக்கில், “மண்ணுல குந்தாத, புடவை அயுக்காவும்” என்று ஒரு பலகையை எடுத்து ஜலஜாவின் பக்கத்தில் தொப்பென்று போட்டாள்.