இந்த வருஷம் பாகீரதியின் முறை

பாஸ் ஆபீஸ் வராந்தாவில் மின்விசிறி ஓடவில்லை. விஜயலட்சுமியும் பாகீரதியும் பத்து மணியிலிருந்து அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். விடியற்காலையில் ஹவுரா பக்கத்து சாந்த்ராகாச்சி ரயில் ஷெட் வாசலில் இட்லி விற்றுவிட்டு, தூக்குவாளியைக் கூடக் கழுவாமல் பஸ் ஏறி ஆற்றைத் தாண்டி வந்தவர்கள். விஜயலட்சுமியின் புருஷன் துரைசாமி இறந்து ஏழு மாதமாகியிருந்தது. ரயில்வே ஃபிட்டரின் விதவைக்கு வருஷத்துக்கு ஒரு இலவச ரயில் பாஸ் உண்டு. இந்த வருஷம் அது பாகீரதியின் முறை. அரக்கோணத்தில் அவள் மகள் மகேஸ்வரிக்கு அடுத்த மாதம் தலைப்பிரசவம். டிக்கெட் வாங்கிப் போகிற வசதி இட்லிக்காரிக்கு ஏது?

முறை வைத்தது துரைசாமிதான். புருஷன் விட்டுப்போன பாகீரதியை, தொண்ணூறாம் வருஷம், ஏழு வயது மகளோடு அவர் குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிவந்தார். விஜயலட்சுமி ஆறு மாதம் வாய் திறக்கவில்லை. பாஸில் ஒரு மனைவியின் பெயர்தான் எழுத முடியும். அதனால் ஒரு வருஷம் விஜயலட்சுமி ஊருக்குப் போவாள், மறு வருஷம் அதே பெயரில் பாகீரதி. முதல் தடவை ஹவுராவில் மெட்ராஸ் மெயில் ஏறும் முன்னால் பாடம் சொல்லிக் கொடுத்தவளே விஜயலட்சுமிதான்.

"பேரு கேட்டா முழிக்காதே. விஜயலட்சுமி. வயசு முப்பத்தாறு. ரெண்டு கொறச்சுச் சொல்லலாம்னு தோணும், சொல்லித் தொலைக்காதே."

அன்றைக்கு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அப்புறம் எத்தனை பயணம்! போகிறவளுக்கு இருக்கிறவள் புளிச்சோறு கட்டிக் கொடுப்பாள். வருகிறவள் இருக்கிறவளுக்கு ஊர்க் கருவாடு கொண்டுவருவாள். நல்ல காலம்தான் அது.

ஷெட்டில் துரைசாமிக்கு ராஜா என்று பெயர். முதுகில் தட்டி டீ வாங்கிக் கொடுப்பார்கள். அவரோடு வாழ வந்த பாகீரதிக்கு அதே மனிதர்களின் வீடுகளில் வேறு பெயர் இருந்தது. வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமத்துக்கு அவளை ஒருத்தியும் அழைத்ததில்லை. அதற்காகக் குழாயடியில் சண்டைக்குப் போனவள் விஜயலட்சுமி.

ஜன்னலுக்குள்ளிருந்து ரமேஷ்பாபு கூப்பிட்டான். பன்னிரண்டு வருஷமாகத் துரைசாமிக்கு பாஸ் எழுதிக் கொடுத்த கிளார்க்.

"அண்ணி, இப்போ போட்டோ ஒட்டின கார்டு. உங்க போட்டோ குடுங்க."

விஜயலட்சுமி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு படத்தை நீட்டினாள். அவன் அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"இது இவங்க படமாச்சே?"

"அதையே ஒட்டுப்பா. எனக்கு ஊர்ல யாரு இருக்கா? இனிமே போறவ இவதான்."

"அக்கா, என்னக்கா இது!" என்று பாகீரதி பதறினாள்.

"தெரிஞ்சே எப்படி அண்ணி ஒட்டுறது?"

"பன்னெண்டு வருஷமா தெரிஞ்சேதானே எழுதிக் குடுத்தே? சின்ன அண்ணி, சின்ன அண்ணின்னு இவ கையால இட்லி தின்னியே?"

ரமேஷ்பாபு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"அது அண்ணன் கேட்டது. அண்ணனுக்காகச் செஞ்சது. இவங்க எனக்கு யாருன்னு செய்யறது?"

படத்தை ஜன்னல் விளிம்பில் வைத்தான், பாகீரதி எடுத்துக்கொண்டாள். பென்ஷன் ஃபைலில் விஜயலட்சுமியின் போட்டோ இருக்கிறதாம், அதையே ஒட்டிவிடுவானாம். மேலதிகாரி சாகேப் கையெழுத்துப் போடும்வரை உட்காரச் சொன்னான்.

"விடுக்கா," என்றாள் பாகீரதி. "மகேஸ்வரிக்கு லெட்டர் போட்டுடலாம். அவ மாமியார் பாத்துக்குவாங்க."

ஒரு மணி நேரம் கழித்து பியூன் வாசலில் வந்து கத்தினான்.

"விஜயலட்சுமி! ஒயிஃப் ஆஃப் லேட் துரைசாமி!"

இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள்.

வராந்தாவில் சிரிப்பு பரவியது. உள்ளே ரமேஷ்பாபு பக்கத்து மேஜைக்காரரிடம் வங்க மொழியில் துரைசாமியின் கதையை ஆரம்பித்தான். "ராஜா லோக் சிலோ, தாதா," என்று அவன் சொல்வது கேட்டது. ராஜாவாக வாழ்ந்தவராம்.

விஜயலட்சுமி உள்ளே போனாள். பாகீரதி உட்கார்ந்தாள். கையிலிருந்த தன் படத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில், அக்காவின் கோணல் எழுத்தில், விஜயலட்சுமி, வயது நாற்பத்தெட்டு என்று எழுதியிருந்தது.