வந்து நிற்கிறவர்

நான் செய்த கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி முதலில் நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல மனம் வராது. அதில் வெடி இல்லை, துப்பாக்கிச் சூடு இல்லை. பிழை விடுகிற பிள்ளையைப் பார்த்துக் கம்ப்யூட்டர் சிரிக்காது. ஒரு வீடு இருக்கும். பிள்ளை கதவில் தன் வீட்டு இலக்கத்தைப் போட்டு, வீட்டு ஆட்களின் பெயரை எழுதி ஒவ்வொருவராக அதற்குள் வைக்க வேண்டும்: அம்மா எங்கே, அப்பா எங்கே, யார் எந்த அறையில் படுக்கிறார்கள். வைக்க வைக்க ஜன்னல்களில் வெளிச்சம் வரும். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் பழக்க 2007இல் வெள்ளவத்தையில் இதைவிட நல்ல விளையாட்டு யாரிடமும் இருக்கவில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து தினமும் பஸ்ஸில், இரண்டு சோதனைச் சாவடியில் இறங்கி அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, நாகேந்திரம் சேரின் கம்ப்யூட்டர் வகுப்புக்கு வேலைக்கு வருவேன். தொழில் பழக்கியவரும் அவர்தான். "மாக்ரெட், பிள்ளையளுக்கு நீர் என்ன செய்தாலும் சரியாத்தான் இருக்கும்" என்பார். நானும் குளிர்ந்துபோவேன்.

இரண்டு விஷயத்தில் பிடிவாதம் பிடித்தேன். விளையாட்டை மூடியதும் பிள்ளை சொன்னதெல்லாம் அழிந்துவிட வேண்டும் என்றேன். பிள்ளை சொன்னது பிள்ளைக்குச் சொந்தம், நமக்கு எதற்கு? சேர் தலையாட்டினார். மற்றது ஒரு பொத்தான். கொழும்பில் எந்தத் தமிழ் வீட்டில்தான் வீட்டு ஆட்கள் மட்டும் இருக்கிறார்கள்? பாஸ்போட் எடுக்க, ஆஸ்பத்திரியில் காட்ட, ஊரில் இருக்க முடியாமல் என்று யாராவது வந்து நிற்பார்கள். அவருக்கு இடம் இல்லாவிட்டால் பிள்ளை முழிக்குமே என்று, அம்மா அப்பாவுக்குப் பக்கத்தில் 'வந்து நிக்கிறவர்' என்றும் ஒரு பொத்தான் வைத்தேன். தமிழ் வீடுகளில் நிற்பவர்களைப் பொலிஸில் கட்டாயம் பதிகிற படிவம் கேட்பதும் இதே கேள்விதான் என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை.

யதுர்சிகாவுக்கு ஒன்பது வயது. அந்தப் பொத்தானுக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டாள்.

"மிஸ், மாமா வந்து நிக்கிறதை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு அம்மா சொன்னவ. இதில வைக்கலாமோ?"

"வையம்மா. மூடினா அழிஞ்சிடும்."

"உண்மையாவோ?"

"மாதா சத்தியமா."

அவள் மாமாவைக் கொண்டுபோய்க் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். ஜன்னலில் வெளிச்சம் வந்ததும் கைதட்டினாள். நானும் தட்டினேன்.

மூன்று கிழமை கழித்து, பிள்ளையின் பெயரை வகுப்பிலிருந்து வெட்டிவிட அவளுடைய அம்மா வந்தார். அழுது கண் வீங்கியிருந்தது.

"விடிய ஆறு மணிக்குப் பொலிஸ் வந்தவை, மிஸ். ஒரு அறையும் திறந்து பாக்கேல்ல. நேரா குசினிக்குப் போய்த் தம்பியை எழுப்பிக் கொண்டுபோட்டினம். பதியாமல் வைச்சிருந்தது எங்கட பிழைதான். ஆனா ஆர் காட்டிக்குடுத்தது எண்டுதான் தெரியேல்ல. பக்கத்து வீட்டு ஆக்களோ என்னவோ."

குசினியில் படுக்கிறார் என்பது அந்தக் குடும்பத்துக்கு வெளியே எனக்கு மட்டும்தான் தெரியும். நான் யாருக்கும் சொல்லவில்லை.

அவர் போனதும் கம்ப்யூட்டரைக் கிண்டினேன். அழிக்கச் சொல்லி நான் எழுதியிருந்த வரியைக் காணவில்லை. முப்பத்தொரு பிள்ளைகள் சொன்னதும் ஒன்று விடாமல் அப்படியே இருந்தது. பெயர், வீட்டு இலக்கம், வந்து நிற்கிறவர், அவர் படுக்கிற இடம்.

கேட்டபோது சேர் மறைக்கவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

"வகுப்புக்குக் காசு தாற ஸ்பொன்சருக்குக் காட்டத்தான் முதல்ல அழிக்காமல் வைச்சனான், மாக்ரெட். பிறகு பொலிஸ் வந்து கேட்டவை. குடுக்காட்டி வகுப்பைப் பூட்டுவம் எண்டவை. என்னையும் கொண்டுபோயிருப்பினம்."

"அந்த வரியை ஏன் சேர் எடுத்தனீங்கள்? என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீர் விடமாட்டீர் எண்டு தெரியும்."

பயந்து கொடுத்ததைக்கூட நான் மன்னித்திருப்பேன். அந்த நாளில் யாருக்குத்தான் பயம் இல்லை? ஆனால் வரியை எடுத்துவிட்டு, நான் பிள்ளைகளுக்குச் சத்தியம் பண்ணுவதைப் பக்கத்து மேசையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாரே, அதைத்தான் என்னால் செமிக்க முடியவில்லை. துரோகி என்று முகத்துக்கு நேரே சொன்னேன். மெதுவாகச் சொல்லவில்லை, ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் எச்சரிப்பது என்று இறங்கினேன். முதலில் யதுர்சிகாவின் வீடு. யார் காட்டிக்கொடுத்தது என்று அந்தத் தாய்க்கு நான்தான் சொல்ல வேண்டும். அவர் செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் போனேன்.

கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளைதான் வந்தாள்.

"யதுர்சிகா, மிஸ் வந்திருக்கிறன். அம்மா நிக்கிறாவோ?"

அவள் கதவைத் திறக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.

"மம தன்னே நே."

எனக்குத் தெரியாது என்பதற்குச் சிங்களம். வீட்டில் யார் யார் நிற்கிறார்கள் என்று கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்லச் சொல்லி, கொழும்பில் நாங்கள் எங்கள் பிள்ளைகளுக்குப் பழக்குகிற முதல் சிங்களம் அது. தாய்க்கு இன்னும் தெரியாதது பிள்ளைக்குத் தெரிந்திருந்தது: மாமா குசினியில் படுப்பதை அவள் சொன்னது என்னிடம் மட்டும்தானே.

"ஆரு பிள்ளை வந்திருக்கிறது?" என்று உள்ளேயிருந்து தாயின் குரல் கேட்டது.

அவள் உள்ளே திரும்பவில்லை. என் முகத்தைப் பார்த்தபடியே, தாய்க்கும் அதையே சிங்களத்தில் சொன்னாள்.