ஆட்சேபனைக்காரி இலக்கம் 2117

சோதிலிங்கத்துக்கு ஜெர்மன் தெரியும். அதாவது, தெரியாத முப்பது குடும்பத்துக்கு நடுவில் தெரியும். கிறோன்வேர்டர் பட்டினத்தில் ஒரு தமிழருக்குக் கடிதம் வந்தால் உறையைக்கூடக் கிழிக்காமல் கொண்டுவந்து சோதிலிங்கத்தின் மேசையில் வைப்பார்கள். அவர் கண்ணாடியை மாட்டி, இரண்டுதரம் "ம்ம்" என்று சொல்லி, அதற்குப் பிறகுதான் வாசிப்பார். அந்த "ம்ம்" இல்லாவிட்டால் ஆட்களுக்கு நம்பிக்கை வராது. ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவுகிற ஒருவருக்கு உலகத்தில் வேறெங்கே இப்படி ஒரு மரியாதை கிடைக்கும்?

அந்த மரியாதைதான் அவரைக் கவிழ்த்தது.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு வைகாசியில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து சனம் மாதா கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றது. சைவக்காரரும் வந்திருந்தார்கள். சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடத்த நகரசபை ஒரு அறை தரவேண்டும் என்று ஆளுக்கொரு விண்ணப்பம் வைப்பதாக ஏற்பாடு. விண்ணப்பத்தைத் தட்டெழுதிப் பிரதி எடுத்து மேசையில் கொண்டுவந்து வைத்தது சோதிலிங்கம். அதே மேசையில், அதன் மேலேயே, அந்த ஊர் ஜெர்மன்காரப் பெண்கள் சிலர் இன்னொரு கட்டுத் தாளை வைத்துவிட்டுப் போனது தெரியாமல், மேலே இருந்த கட்டைத் தூக்கி விநியோகித்ததும் சோதிலிங்கம்தான். இரண்டு மணிக்கு அவருக்கு வேலை. கண்ணாடி வேறு வீட்டில்.

"என்ன காணும், ஒரு அறைக்கு இவ்வளவு எழுதிக்கிடக்கு?" என்று கேட்டார் பரராசசிங்கம். அவர் சோதிலிங்கத்தைவிடப் பத்து வயது மூத்தவர். முதுகு வலிக்காரர், சந்தேகக்காரர்.

"ஜெர்மன்காரனிட்டை இருக்கக் கதிரை கேட்டாலும் நாலு பக்கம் எழுதத்தான் வேணும் அண்ணை. கையெழுத்தை வையுங்கோ."

முப்பத்தொரு பேர் வைத்தார்கள். அடுத்தநாள் நகரசபையில் அந்தத் தாள்களை வாங்கிய பெண், "சரியான நேரத்துக்கு வந்தீர்கள், இன்றுதான் கடைசி நாள்" என்று ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தினாள். ஒரு அறை கேட்கவும் கடைசி நாள் வைத்திருக்கும் நாட்டை வியந்தபடி சோதிலிங்கம் சைக்கிளில் ஏறினார்.

ஆவணியில் மஞ்சள் உறைகள் வந்தன.

அகதி மனு போட்டுவிட்டுக் காத்திருக்கிறவனுக்கு, அரசாங்கத்தின் முடிவு வருகிற மஞ்சள் உறை என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஒரே நாளில் முப்பத்தொரு வீட்டுக்கு வந்தால் எப்படியிருக்கும்? சோதிலிங்கத்தின் சின்ன அறை நிறைந்து, படிக்கட்டிலும் ஆட்கள் நின்றார்கள். அவர் "ம்ம்" என்றார். இன்னொருதரம் "ம்ம்" என்றார். மூன்றாவது "ம்ம்"மும் வந்தபோது பரராசசிங்கத்துக்கு விளங்கிவிட்டது.

"திருப்பி அனுப்பப் போறாங்களோ?"

"இல்லை அண்ணை. ஆற்றுக்கு அங்காலை நிக்கிற அணுமின் நிலையம் இருக்கெல்லோ... அதிலை மாற்றங்கள் செய்து தொடர்ந்து ஓட்டுறதுக்கு அனுமதி கேட்டிருக்கினம். நாங்கள்..." சோதிலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாங்கள் அதுக்கு ஆட்சேபனை தெரிவிச்சிருக்கிறம். எங்களை விசாரணைக்குக் கூப்பிடுகினம். வந்து பேசலாமாம்."

படிக்கட்டில் நின்றவர்கள் அறைக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"அங்கை ஆமிக்காரனோடை ஏலாமல் ஓடிவந்தனாங்கள்," என்றார் பரராசசிங்கம் நிதானமாக. "இஞ்சை நீர் எங்களை அணு உலையோடை கொழுவி விட்டிருக்கிறீர். கெட்டிக்காரன். அந்த அறை?"

"அது... கேக்கேல்லை."

படிக்கட்டில் யாரோ சிரித்தார்கள். அதைத் தொடர்ந்து எல்லோரும் ஒரேயடியாகப் பேசத் தொடங்கினார்கள். மனு என்னாகும், வேலை அனுமதி என்னாகும், பெயரை எடும், இப்பவே எடும். ஒரு பிழையை உள்ளே விட ஒரு கையெழுத்துப் போதும், வெளியே எடுக்க ஆளுக்கொரு தாள் நிரப்பவேண்டும் என்பதை அந்தக் கிழமை சோதிலிங்கம் கற்றுக்கொண்டார். வேலை முடிந்து வந்து மூன்று பின்னேரம் குந்தியிருந்து எழுதினார். முப்பது தாள்.

முப்பத்தொராவது ஆள் அன்ரனிற்றா. மன்னார்ப் பெண். முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கிற வேலை. அவளுடைய புருசன் ராசன் அந்த வருடம் மாசியில் இரத்தத்தில் வந்த நோயால் செத்துப்போனான். முப்பத்திநாலு வயது. ஆஸ்பத்திரிக் கடிதங்களை வாசித்துச் சொன்னது சோதிலிங்கம். மரணப் பதிவுக்கு நிரப்பியதும் சோதிலிங்கம். பெட்டியின் ஒரு மூலையைத் தோளில் தாங்கியதும் அவர்தான்.

அவள் மற்றவர்கள் போனபிறகு வந்தாள். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"அண்ணை, நாங்கள் என்னத்துக்குக் கையெழுத்து வைச்சனாங்கள் எண்டதை முழுக்க ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ."

சொன்னார். ஆறு, மீன், பால், பூகம்பம், விமானம் விழுந்தால், கழிவை எங்கே வைப்பது. ஏழாவதாக இருந்தது, உள்ளே வேலை செய்கிறவர்கள் வாங்கும் கதிர்வீச்சு.

"ஏழாவதைப் பற்றிக் கேட்டால் அவையள் பதில் சொல்ல வேணுமோ?"

"கேக்கலாம். பதில் சொல்லத்தானே கூப்பிடுகினம்."

"அப்ப என்ரை பேரை எடுக்காதேங்கோ. கொம்பனியிட்டைக் கேட்டன், டொக்டரிட்டைக் கேட்டன். ஒருத்தரும் வாய் திறக்கினமில்லை. அவர் அதுக்குள்ளை மொத்தமா எவ்வளவு வாங்கினவர் எண்டு அவையள் வாயாலை சொல்ல வேணும். நீங்கள் வந்து மொழிபெயர்ப்பீங்கள்தானே?"

சோதிலிங்கம் "ஓம்" என்றார். வேறு என்ன சொல்வது? அந்த ஏழாவதைத் தன் வாயால் கேட்க அவருக்குப் பயம். காரணம் இதுதான்.

மூன்று வருடத்துக்கு முன், அந்த நிலையத்தின் முதலாவது உலையை நிறுத்திச் சுத்தம் செய்தபோது, ஒரு துப்புரவுக் கொம்பனியோடு ராசன் உள்ளே போனான். அப்படிப் போகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு புத்தகம் உண்டு. உடம்பு எவ்வளவு கதிர் வாங்கியது என்று அதில் பதிவார்கள். எங்கட ஆட்கள் அதைக் கதிர்ப் பாஸ் என்பார்கள். கோடையில் ராசனுக்குக் கொம்பனி கடிதம் போட்டது. கொம்பனி தன் ஆட்களுக்கு வைத்திருக்கும் வருட அளவு முடிந்தது, இனி அடுத்த வருடம் வா என்று. அவன் கடிதத்தைச் சோதிலிங்கத்திடம் கொண்டுவந்தான். மாரிக்கு முன் இரண்டாவது உலையும் நிற்கும், அதற்கும் போகவேண்டும், ஏதும் வழி சொல்லுங்கோ அண்ணை என்றான்.

சோதிலிங்கம் "ம்ம்" என்று வாசித்தார். அவருக்கு அது இன்னொரு எல்லை, அவ்வளவுதான். மாவட்டத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு எல்லை. இவ்வளவு மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று ஒன்று. ஒருவரின் வேலை அனுமதியில் இரண்டு பேர் மாறி மாறிக் கோப்பை கழுவுவது ஊரறிந்த வழக்கம். வெள்ளைக்காரர் எங்கட முகங்களைப் பிரித்துப் பார்க்க மினக்கெடுவதுமில்லை. எல்லைகளைச் சுற்றிக்கொண்டு போக ஆட்களுக்கு வழிகாட்டுவதைச் சோதிலிங்கம் ஒரு சேவையாகவே செய்துவந்தார். முதுகு வலியோடு வீட்டில் கிடந்த பரராசசிங்கத்தின் சம்மதத்தோடு அவர் பெயரில் ஒரு படிவத்தை நிரப்பினார். ராசன் பரராசசிங்கமாக இரண்டாவது உலைக்குள் போனான்.

மற்ற எல்லைகள் தாளில் போட்டவை. இது உடம்பில் போட்ட எல்லை என்று அவருக்கு அன்று உறைக்கவில்லை. ஆஸ்பத்திரியில், ராசனின் தலையில் மயிரில்லாததைக் கண்டபோது உறைத்தது. அதை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. பாதிரியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யவும் வழியில்லை, அவர் சைவம்.

விசாரணை புரட்டாதியில், பள்ளிக்கூடத்து விளையாட்டு மண்டபத்தில் நடந்தது. ஏறுகிற கயிறுகளைச் சுவரோடு கட்டிவைத்திருந்தார்கள். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நீளமேசையில் அதிகாரிகள், வலப்பக்கம் நிலையத்துக்காரரும் வக்கீல்மாரும், எதிரே ஆட்சேபனைக்காரர். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் என்று கடிதத்தில் இருந்தது. மூன்றாம் நாளான அன்று எழுபது பேர் இருந்திருப்பார்கள். பெண்கள் சிலர் கம்பளி பின்னிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாட்டுப் பண்ணைக்காரர் ஒலிவாங்கியில் கத்திவிட்டுப் போய் உட்கார்ந்து, போத்தலில் கொண்டுவந்த கோப்பியை ஊற்றிக் குடித்தார். தலைவர் எல்லாவற்றுக்கும் "குறித்துக்கொள்ளப்படுகிறது" என்றார்.

"இரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு," என்று அடுத்த ஆட்சேபனைக்காரரின் இலக்கத்தைக் கூப்பிட்டார் தலைவர்.

அன்ரனிற்றா எழுந்தாள். சோதிலிங்கமும் எழுந்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய கதிரை விழுந்து மண்டபம் முழுக்க எதிரொலித்தது. பின்னிக்கொண்டிருந்த பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என்ரை மனிசன் தொண்ணூற்றிரண்டிலை உங்களுக்குள்ளை வேலை செய்தவர்," என்றாள் தமிழில், ஒலிவாங்கியை விட்டுத் தள்ளி நின்று. "இப்ப இல்லை. அந்த வருசம் அவர் எவ்வளவு வாங்கினவர்?"

சோதிலிங்கம் மொழிபெயர்த்தார். அவள் ராசனின் புத்தகத்தை மேசையில் கொண்டுபோய் வைத்தாள். நிலையத்துப் பொறியியலாளர் அதைப் புரட்டினார். நல்ல மனிதர் போலத்தான் இருந்தார்.

"இருபத்தெட்டு மில்லிசீவெர்ட். சட்டத்தின்படி வருடத்துக்கு ஐம்பது வரை போகலாம். எங்கள் நிலையத்தில் அந்த வருடம் எவரும் அந்த எல்லையைத் தாண்டவில்லை. உங்கள் கணவரின் இழப்புக்கு வருந்துகிறோம்."

சோதிலிங்கம் தமிழில் சொன்னார். முடிந்துவிட்டது, இனி வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தார். அந்த நினைப்புக்காகப் பிறகு தன்னைத்தானே நெடுகத் திட்டினார்.

அன்ரனிற்றா கைப்பையைத் திறந்து இன்னொரு புத்தகத்தை எடுத்தாள்.

"பரராசசிங்கம் அண்ணை தந்தவர்," என்றாள் சோதிலிங்கத்தைப் பார்க்காமல். "நான் ஒருநாளும் உள்ளை போகாத ஆள், எனக்கேன் இது பிள்ளை எண்டு தந்தவர். என்ன நடந்தாலும் நடக்கட்டுமாம். இதையும் கேளுங்கோ."

சோதிலிங்கத்தின் கையில் புத்தகம். அதில் பரராசசிங்கத்தின் பெயர், தன் கையால் எழுதிய படிவத்திலிருந்து எழுத்துப் பிசகாமல் இறங்கியிருந்தது. மண்டபத்தில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர். இது அவருடைய கூட்டாளியின் புத்தகம், இவருக்கும் பதில் சொல்லுங்கள் என்று ஒரு வரி சொன்னால் போதும். அவர்கள் முப்பத்துமூன்று என்பார்கள், எல்லைக்குக் கீழே என்பார்கள், குறித்துக்கொள்வார்கள். அவருடைய ஜெர்மனுக்கு அது கஷ்டமான வசனமே இல்லை.

"இந்த இரண்டு புத்தகமும் ஒரே ஆளுடையவை," என்றார். "இலையுதிர் காலத்தில் இந்தப் பெயரில் போய் முப்பத்துமூன்று வாங்கியதும் அவர்தான். படிவத்தை நிரப்பியது நான்."

பண்ணைக்காரர் கோப்பியைக் கீழே வைத்தார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்த பெண், அவருடைய பெயரை எழுத்துக்கூட்டச் சொன்னாள். பதினொரு ஜெர்மன் எழுத்தையும் சோதிலிங்கம் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஜெர்மனியில் இருந்த இத்தனை வருடத்தில் அவருடைய பெயரை ஒருவர் பிழையில்லாமல் எழுதியது அன்றைக்குத்தான்.

வக்கீல் உடனே எழுந்தார். அப்படியானால் ஏமாற்றப்பட்டது நிலையம், இது குற்றவியல் விடயம், இந்த விசாரணைக்கு உரியதல்ல என்றார். அன்ரனிற்றா அதை மொழிபெயர்க்கக் கேட்கவில்லை.

"கூட்டச் சொல்லுங்கோ," என்றாள்.

"இரண்டையும் கூட்டச் சொல்கிறார்."

பொறியியலாளர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தலைவரைப் பார்த்தார். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டுவதற்கு ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் பின்வரிசையிலிருந்து பண்ணைக்காரர்தான் சத்தமாகச் சொன்னார், "அறுபத்தொன்று!"

"அந்த வருத்தம் இதாலை வந்ததோ எண்டு கேளுங்கோ."

கேட்டார். தனிப்பட்ட ஒருவருக்கு இன்ன காரணம் என்று நிறுவ முடியாது, இல்லையென்று முற்றாக மறுக்கவும் முடியாது, புள்ளிவிவரப்படி பார்த்தால் பெரும்பாலும் தொடர்பில்லை, எனினும்... சோதிலிங்கம் அந்த எனினும்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தமிழுக்குக் கொண்டுவந்தார். அவள் பாதியில் கையைக் காட்டி நிறுத்தினாள். இரண்டு புத்தகத்தையும் திருப்பி வாங்கிப் பைக்குள் வைத்தாள். தலைவர், "குறித்துக்கொள்ளப்படுகிறது" என்றார்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. பஸ் தரிப்பில் இருவரும் நின்றார்கள். ஆற்றுக்கு அப்பால் வெள்ளை ஆவி மேலே போய் மேகத்தோடு கலந்துகொண்டிருந்தது. தனக்குப் பொலிஸிலிருந்து எத்தனை மஞ்சள் உறை வரும், அதைத் தானே பிரித்துத் தானே "ம்ம்" சொல்ல வேண்டுமே என்று நினைத்துச் சோதிலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறி, முகத்தை மழைப்பக்கம் திருப்பவேண்டியதாயிற்று.

"உமக்கு முதலே தெரியுமோ, பிள்ளை? நான்தான் எழுதினது எண்டு?"

"ஓம். அவர் சொன்னவர். நீங்கள் செத்தவீட்டிலை சொல்லுவீங்கள் எண்டு பாத்தன். முப்பத்தொராம் நாள் பூசையிலை பாத்தன்."

அவருக்குள் ஒரு கேள்வி கிடந்தது. இத்தனை மாதமாகப் பரராசசிங்கத்தைச் சாடையாகக் கேட்டிருக்கிறார், டொக்டரைச் சாடையாகக் கேட்டிருக்கிறார், மழையில் சைக்கிள் ஓட்டும்போது கடவுளையும் கேட்டிருக்கிறார். விதி என்றார்கள், இரத்தம் என்றார்கள், யோசியாதையும் என்றார்கள்.

"நான் அந்தப் படிவத்தை நிரப்பாமல் விட்டிருந்தால், ராசன் இருந்திருப்பானோ?"

பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. அன்ரனிற்றா முதல்முறையாக அவரை நேரே பார்த்தாள். அவளுடைய முகத்தில் கோபம் இருக்கவில்லை. அதுவாவது இருந்திருக்கலாம்.

"இருந்திருப்பாரோ தெரியாது அண்ணை. அது அவையளுக்கும் தெரியாது. ஆனா நீங்கள் எழுதிக் குடுக்காட்டி, ரெண்டாந்தரம் உள்ளை போயிருக்க மாட்டார்."