இரண்டு பாராசூட்டுகள்

கல்யாண அழைப்பிதழின் மாதிரியை ஜெரோசன் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தபோது எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து, லண்டன் செவன் கிங்ஸ் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. சவிரிமுத்துச் சித்தப்பா நகரத்தின் மறுகோடியான ஹவுன்ஸ்லோவிலிருந்து ரயில் மாறி மாறி வந்திருந்தார். ஜெரோசனின் பெயருக்குப் பின்னால் அச்சாகியிருந்த பட்டங்களை அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, பேரை விட வால் நீளமாக் கிடக்கு. கோயில் கதவுக்குள்ளாலை வருவியளோ?"

"கொஞ்சம் குனிஞ்சு வாறன் சித்தப்பா," என்றான் ஜெரோசன். மணமகளின் அம்மா மெற்றில்டாகூடச் சிரித்துவிட்டாள்.

பிறகு அவளுடைய விரல் மணமகள் பக்கத்துக்கு நகர்ந்தது. 'காலஞ்சென்ற நிர்மலன், மெற்றில்டா தம்பதியரின் மகள் துசியந்தி' என்றிருந்தது. விரல் முதற்சொல்லில் நின்றது.

"ஆர் இந்தச் சொல்லைப் போடச் சொன்னது?"

"நான்தான் அம்மா," என்றாள் துசியந்தி.

"எடு அதை."

"பதினாறு வருசம் அம்மா."

"எத்தினை வருசமெண்டால் என்ன? அவர் செத்ததை ஆர் கண்டது? உயிரோடை கண்ட ஆள் இஞ்சை இருக்குது. சொல்லு சவிரி."

சித்தப்பா கையிலிருந்த சோற்றை மறுபடி தட்டில் வைத்தார். அந்த வீட்டில் எத்தனையோ முறை சொன்ன கதைதான். "அண்ணை பஸ்ஸிலை ஏறினதைக் கண்டனான் அண்ணி. தோளிலை நீலக்கரைத் துவாய். படியிலை நிண்டு திரும்பிக் கையைக் காட்டினவர்."

"கேட்டனியோ?" என்று மெற்றில்டா மகளைப் பார்த்தாள்.

துசியந்தி கேட்டுக்கொண்டேதான் வளர்ந்தாள். இலங்கையில் யுத்தம் முடிந்த அந்த மே மாதத்தில் அவளுக்குப் பன்னிரண்டு வயது. இராணுவத்தின் பக்கம் போகும் வட்டுவாகல் பாலத்தைச் சனத்தோடு சனமாக அம்மாவும் அவளும் முன்னால் கடந்துவிட்டார்கள். அப்பாவும் அவருடைய தம்பியும் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். சில நாட்கள் கழித்து, முகாமுக்குச் சித்தப்பா மட்டும் வந்து சேர்ந்தார். அப்பா ஏறிய அந்த இராணுவ பஸ் எங்கே போனதென்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

கார்த்திகை மாதத்தில் கோயில் பங்கிலுள்ள மற்றக் குடும்பங்கள் இறந்தவர்களின் பெயர்களைப் பூசைக்குக் கொடுக்கும். மெற்றில்டா கணவனின் பெயரை அதில் சேர்த்ததே இல்லை. பயணத்தில் இருப்பவர்களுக்காக மன்றாடும்போது மட்டும் மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். சேலையெல்லாம் பளிச்சென்ற நிறங்களில்தான் உடுப்பாள். அவர் சாகவில்லை என்பதால் அந்த வீட்டில் யாரும் அவருக்காக அழுததும் இல்லை. துசியந்தி கண் கலங்கினால், "உயிரோடை இருக்கிற மனுசனுக்கு அழக்கூடாது பிள்ளை, தரித்திரம்" என்று அம்மா அதட்டுவாள்.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. பீடத்துக்கு முன்னால் போய் நிற்பதற்குள் ஒரே ஒரு தடவை அப்பாவுக்காக வாய்விட்டு அழவேண்டும். துசியந்திக்கு வேண்டியிருந்தது அதுதான். அந்தச் சொல்லைப் போடச் சொன்னதும் அதற்காகத்தான். அதை அம்மாவிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அவள் வேலை செய்தது லண்டனின் நடுவில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் காப்பகத்தில். இரண்டாம் உலக யுத்தத்தின்போது கிழக்கு இங்கிலாந்தில் சஃபோக் பக்கத்து வயல்களுக்கு நடுவே ஓடுபாதை போட்டு, ஜெர்மனிமேல் குண்டு வீசப் போய்வந்த ஓர் அமெரிக்க விமானப் பிரிவின் வரலாற்றைத் தொகுத்துக்கொண்டிருந்தார்கள். கிழவர்களாகிவிட்ட வீரர்களிடம் 1980களில் பதிவு செய்த பேச்சுகளைக் கேட்டு, சுருக்கம் எழுதுவது துசியந்தியின் பொறுப்பு.

நான்கு எஞ்சின் விமானம்; உள்ளே பத்துப் பேர். போனவற்றில் சில திரும்பி வராது. வராதவர்களின் கட்டிலை அன்றைக்கே உதறி மடித்து விடுவார்களாம், அடுத்தவன் வந்து படுப்பதற்கு. திரும்பி வந்தவர்களை ஒரு தகரக் கொட்டகையில் உட்கார வைத்து, ஆளுக்கொரு மிடறு விஸ்கி கொடுத்து, அதிகாரி கேள்வி கேட்பார். எந்த விமானம் விழுந்தது? எங்கே? எத்தனை பாராசூட் விரிந்தது? வீட்டுக்காரர்களுக்குக் கிடைக்கக்கூடிய நம்பிக்கை அந்த எண்ணிக்கையில்தான் இருந்தது.

திங்கட்கிழமை அவளுக்கு வந்த ஒலிநாடாவில் பேசியவர் வெண்டெல். விமானத்தின் வாலில், பின்பக்கம் பார்த்தபடி துப்பாக்கியோடு உட்கார்ந்து பறந்தவர். பின்னால் வந்த விமானத்தை ஓட்டியவன் அவருடைய சிநேகிதன் லைல். லைல் லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு பெண்ணைக் கட்டியிருந்தான். அவள் வயிற்றில் பிள்ளை.

"என் கண்ணுக்கு முன்னால் அது நெருப்பாகிப் போனது. ஒரு பாராசூட்கூட விரியவில்லை," என்றது அந்தக் கிழட்டுக் குரல். "கொட்டகையில் கேட்டார்கள். நான் இரண்டு என்றேன். ஒன்று என்றால் யாருடையது என்று கேட்பார்கள். ஐந்து என்றால் மற்றவர்களும் கண்டிருக்கவேண்டும். இரண்டு என்றால் பத்துக் குடும்பமும் கொஞ்சம் மூச்சு விடலாம். யுத்தம் முடிந்த பிறகும் லைலின் மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். எந்தப் பக்கம் போனது, காற்று எப்படி என்று. ஒன்று ஊசலாடியபடி போனது என்று சொன்னேன். இப்படி ஏதாவது சேர்த்துச் சொன்னால்தான் ஆட்கள் நம்புவார்கள்."

துசியந்தி காதிலிருந்ததைக் கழற்றினாள். நீலக்கரைத் துவாய். படியில் நின்று காட்டிய கை.

அந்த வாரமே மொரீன் வந்தாள். லைலின் மகள், அப்பா விழுந்த சில மாதங்களில் பிறந்தவள். எண்பதைத் தாண்டியிருந்தாள். அப்பாவின் பெயர் வருகிற பதிவுகள் எல்லாவற்றையும் கேட்கவேண்டும் என்று முன்பே கேட்டிருந்தாள். குடும்பத்தாருக்கு மறுப்பதில்லை. "இதில் ஒன்று உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். வேண்டாமென்றால் விட்டுவிடலாம்," என்றாள் துசியந்தி.

"இந்த வயதில் எதை விடுவது? போடு."

கேட்டு முடித்தபோது மொரீன் அழவில்லை. கையுறைகளை மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தாள்.

"ரொட்டிக்கடையில் பில் என்று ஒருவர் இருந்தார். தன்னைக் கல்யாணம் கட்டச் சொல்லி அம்மாவை இரண்டு தரம் கேட்டார். எனக்கு அவரை நல்ல விருப்பம். சைக்கிளில் முன்னால் வைத்துக் கூட்டிப் போவார். அம்மா மாட்டேன் என்றுவிட்டாள். லைல் வந்தால் என்ன சொல்வது என்றாள். சாகும்வரை அதையேதான் சொன்னாள்."

"இந்த வெண்டெல்மேல் உங்களுக்குக் கோபமாக இருக்கிறதா?"

"பொய் சொன்னதற்கு இல்லை. அந்த இடத்தில் நானும் இரண்டு என்றுதான் சொல்லியிருப்பேன்." மொரீன் எழுந்து கோட்டைப் போட்டாள். கோட்டின் ஒரு கைக்குள் கை நுழையாமல் தடுமாற, துசியந்தி பிடித்துவிட்டாள். "அம்மா இருக்கும்போது சொல்லியிருக்கலாம். இப்போது சொல்லி நான் என்ன செய்ய? பில்லும் போய்விட்டார்."

சனிக்கிழமை துசியந்தி ஹவுன்ஸ்லோவுக்குப் போனாள். விமான நிலையத்தில் காலை ஷிப்ட் முடித்துவிட்டுச் சித்தப்பா சீருடையோடு ஒரு தேநீர்க் கடையில் இருந்தார். அண்ணன் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று சொல்லிச் சொல்லியே கல்யாணம் கட்டாமல் இருந்துவிட்ட மனுசன்.

"என்ன, மாப்பிள்ளையோடை சண்டையோ? அவன்ரை வாலை வெட்டச் சொல்லட்டே?"

அவள் சிரிக்கவில்லை. "சித்தப்பா, அப்பா பஸ்ஸிலை ஏறினதை நீங்கள் கண்டனீங்களோ?"

தலைக்கு மேலே ஒரு விமானம் இறங்கிப் போனது.

"கேக்காதை பிள்ளை."

"சித்தப்பா."

"பஸ்ஸைக் கண்டனான். சனம் ஏறினதைக் கண்டனான்." அவர் பிளாஸ்டிக் கரண்டியை வளைத்துக்கொண்டிருந்தார். "அதுக்கு முதலே செல் விழுந்து வெடிச்சு நாங்கள் சிதறீட்டம். அண்ணை விழுந்தவரோ, ஓடினவரோ, எனக்குத் தெரியாது. நான் திரும்பிப் போய்ப் பாக்கேல்லை. முகாமுக்கை வந்தால் நீ காய்ச்சலிலை கிடக்கிறாய். அண்ணி பச்சைத் தண்ணி வாயிலை வைக்கேல்லை. என்ரை சேட்டுக் கொலரைப் பிடிச்சு, அவர் பஸ்ஸிலை ஏறினவரோ சவிரி எண்டு கேக்கிறா. என்ரை வாய் ஓம் எண்டிட்டுது. அண்டைக்குத்தான் அண்ணி கஞ்சி குடிச்சவ."

"துவாய்?"

"அது பிறகு வந்தது. அவ கேக்கக் கேக்க ஒவ்வொண்டா வந்தது." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "பகிடி என்னெண்டால், இப்ப எனக்கு அது தெரியுது. கண்ணை மூடினால் அண்ணை படியிலை நிக்கிறார். நீ போய் அண்ணிக்குச் சொல்லு. என்னாலை ஏலாது."

துசியந்தி வீட்டுக்கு வந்தபோது மெற்றில்டா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. மகள் தானாகவே வெண்டெல் கதையைச் சொன்னாள். நெருப்பான விமானம், இரண்டு என்ற பொய், ரொட்டிக்கடை பில் எல்லாவற்றையும். அம்மா மீனைக் கழுவியபடி கேட்டாள்.

"அந்த மனுசி எவ்வளவு காலம் பாத்துக்கொண்டிருந்தவ?"

"சாகுமட்டும்."

தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டேயிருந்தது. மெற்றில்டா அதை மூடினாள். "ஹவுன்ஸ்லோவுக்கோ போனனீ?"

"ஓம்."

"என்ன சொன்னவன்?"

அம்மா இன்னும் திரும்பவில்லை. முதுகு மட்டும் தெரிந்தது. ஒரு சின்னப் பொய் போதும், இந்த முதுகு நிமிர்ந்தே இருக்கும். கண்டவராம் என்று சொல்லிவிட்டு, அழைப்பிதழிலுள்ள அந்தச் சொல்லையும் எடுத்துவிடலாம்.

"அவர் காணேல்லையாம் அம்மா."

மெற்றில்டா ஈரக் கையோடு நின்றாள். பிறகு கதிரையை இழுத்து மெல்ல உட்கார்ந்தாள்.

"கோயிலிலை ஒரு பூசை சொல்லவேணும். செத்த திகதி கேப்பினம்."

"திகதி தெரியாதுதானே அம்மா. அந்த மே மாசம் எண்டு சொல்லுவம்."

"அது ஆரின்ரையோ திகதி. எனக்கு அவர் இண்டைக்குத்தான் செத்தவர். இண்டையத் திகதியைச் சொல்லு." ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். "கலியாணத்தைத் தள்ளவேணும் பிள்ளை. தகப்பன் செத்து ரெண்டு மாசத்திலை மகளுக்குக் கலியாணம் வைக்கிறதோ? முப்பத்தோராம் நாள் பூசை செய்யவேணும், கொஞ்சக் காலம் துக்கத்திலை இருக்கவேணும். அந்தப் பொடியன்ரை வீட்டிலை என்ன சொல்லுவினமோ."

துசியந்தி வரவேற்பறைக்குப் போய் ஜெரோசனை அழைத்தாள். பாதியிலேயே அவளுடைய குரல் உடைந்தது.

"கலியாண ஹோல்காரனோடை நான் கதைக்கிறன். என்ரை அம்மாவையும் நான் பாத்துக்கொள்ளுறன்," என்றான். "துசி, என்ரை மாமாவுக்கு இண்டைக்குச் செத்தவீடு. நான் வராமல் இருக்கேலுமோ? வெளிக்கிடுறன்."

அவள் குசினிக்குத் திரும்பியபோது அம்மா தொலைபேசியைக் காதில் வைத்திருந்தாள்.

"சவிரி, வீட்டை வா. ஓம், எல்லாம் சொன்னவள். உன்னோடை சண்டை பிடிக்கக் கூப்பிடேல்லை. நீ வா முதல்."

பொழுது சாயும் நேரம் சித்தப்பா வந்தார். சீருடையை மாற்றக்கூட இல்லை. வாசலில் சப்பாத்தைக் கழற்றியவர் உள்ளே கால் வைக்காமல் தலை குனிந்து நின்றார்.

மெற்றில்டா எழும்பிப் போய் அவருடைய இரண்டு கையையும் பிடித்தாள்.

"எனக்கு அப்பிடிச் சொல்லிப்போட்டு உண்மையோடை நீ தனியவெல்லோ இருந்தனீ," என்றாள். "உனக்கும் அவர் அண்ணைதானேடா. நீயும் ஒருநாளும் அழேல்லையே."

முதலில் அழுதது சித்தப்பாதான். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் துசியந்தி ஓடிவந்து இரண்டு பேரையும் கட்டிக்கொண்டாள். அம்மா இந்த முறை அவளை அதட்டவில்லை.