ஏழாவது கூடையும் எழிலரசியின் இடது கையும்

மார்ச் 29, சனிக்கிழமை.

ஒரு சிறு தவறு செய்திருக்கிறேன். நேற்று மாலை கதை எழுதும் வகுப்பில் நான் வாசித்த கதையில், முதல் பக்கத்தில் எழிலரசி இடது கைக்காரி. ஏழாவது கூடைக்கு வரும்போது வலது கையால் எறிகிறாள். பக்கத்து நாற்காலி லோகநாயகிதான் கண்டுபிடித்தார். "நடுவுல கை மாறிடுச்சே, பாத்தீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அம்பத்தூரில் ரயில் ஏறிய பிறகுதான் உறைத்தது: அந்தப் பிழையால் என் கதையில் நடந்தது நடந்திருக்கவே முடியாது.

ஏன் என்று சொல்லவேண்டுமானால் மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும்.

1

தொடக்கம் ஒன்று: ஆவடியைத் தாண்டி வெள்ளானூர்ப் பக்கம் ஓர் அழகிய தோட்டம் அமைந்துள்ளது. அங்கே (வீட்டுமனை விளம்பரம் மாதிரி இருக்கிறது. விட்டுவிட்டேன்.)

தொடக்கம் இரண்டு: தட்டு ஒரு பறவையைப் போல (பறவை வேண்டாம். தட்டு தட்டைப் போலத்தான் பறக்கிறது. அதுவே போதுமான அதிசயம்.)

தொடக்கம் மூன்று: ஆவடி ஸ்டேஷன் வாசலில் எழிலரசி ஆட்டோவை நிறுத்தினாள்.

"வெள்ளானூர் ஒயின் தோட்டம் போகணும்ணா."

"இன்னாக்கா, ஞாயித்துக்கெயம காலைலயே ஒயினா?"

"அங்க குடிக்கல்லாம் தர மாட்டாங்க. சர்ச்சுல பூசைக்கு வைக்கிற ரசம் அது."

"அப்ப நீ இன்னாத்துக்குப் போறே?"

"தட்டு எறிய."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் அவளை ஒருமுறை பார்த்தார். அப்புறம் வழிநெடுக எதுவும் கேட்கவில்லை.

இது இருக்கட்டும்.

2

இங்கே கட்டுரை மாதிரி ஒரு பத்தி தேவைப்படுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். எழிலரசி ஆடுவது டிஸ்க் கோல்ஃப். பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. குறைந்த எறிகளில் தட்டைக் கூடைக்குள் சேர்ப்பவர் ஜெயித்தவர். நடுவர் கிடையாது. உங்கள் தவறை நீங்களேதான் சொல்ல வேண்டும்.

தோட்டம் அந்தோணிராஜுடையது. முன்னால் மாவும் தேக்கும் அடர்ந்த தோப்பு. பின்னால், கம்பத்திலிருந்து குச்சி கொண்டுவந்து நட்ட பன்னீர் திராட்சைப் பந்தல். அனுமதி வாங்கி அவர் வடிக்கும் ரசம் சர்ச்சுகளுக்கு மட்டும் போகிறது. திராட்சையைத் தவிர எதுவும் அதில் சேரக் கூடாது. பந்தலில் ஒரு பழம் உடைந்து புளித்தாலும் அவர் கொத்தையே கழித்துவிடுவார்.

எழிலரசிக்குத் திருநின்றவூரில் வாடகை வீடு, கம்ப்யூட்டர் வேலை. வெள்ளி மாலை அலுவலகத்தில் 'பை' சொன்னால், திங்கள் காலைவரை அவள் வாய் திறக்கக் காரணம் இருக்காது. ஒரு நாள் அலுவலக நண்பன் ஜாபஸ், தன் தூரத்து மாமாவான அந்தோணிராஜைப் பார்க்க வந்தபோது அவளையும் கூட்டிவந்தான். தோப்புக்குள் வந்தவர்கள் மரங்களைப் பார்ப்பார்கள். அவள் மரங்களுக்கு நடுவே இருந்த வழிகளைப் பார்த்தாள். இரண்டு மாமரங்களுக்கு இடையே தோள் அகலத்துக்கு ஒரு சந்து. தேக்குகளுக்குக் கீழே, இடுப்பு உயரத்தில் மட்டும் திறக்கும் ஒரு பாதை. இன்றைக்கும் அவள் சுட்டிக்காட்டினால்தான் எனக்கு அவை தெரிகின்றன.*

இங்கே கூடைகள் மாட்டி ஆடலாமா என்று கேட்டாள். அந்தோணிராஜ் யோசித்துச் சம்மதித்தார்.

"மரத்துல அடி, மண்ணுல அடி, நா ஒண்ணியும் கேக்க மாட்டேன். ஆனா திராச்ச பழுக்குற நேரத்துல பந்தலுக்குள்ள ஒரே ஒரு தட்டு உழுந்துச்சு, அன்னியோட கூடைய எல்லாம் கயட்டிகினு போய்டணும் கண்ணு. சரியா?"

"சரி அங்கிள்."

எங்கள் பட்டறையில் பழைய சைக்கிள் செயினும் ரிம்மும் கொண்டு ஒன்பது கூடைகள் செய்து மாட்டினார்கள். ஏழாவது கூடையின் பாதைக்கு வலப்பக்கம் பந்தல். அதனால் பழக்காலத்தில் அதை ஒரே வீச்சில் எட்டக் கூடாது, இரண்டு குட்டி எறிகளாகப் பிரித்துத்தான் போக வேண்டும் என்று ஒரு விதி. போட்டதும் எழிலரசிதான்.

(* நானும் அவர்களோடு ஆடுகிறேன். என் தட்டு பெரும்பாலும் முதல் மாமரத்தோடு நின்றுவிடுவதால் கதையில் எனக்கு அதற்குமேல் இடமில்லை.)

3

வகுப்பில் சொன்னார்கள்: இந்தப் பெண்ணை நம்ப முடியவில்லை, இவ்வளவு சரியாக யாரும் இருக்க மாட்டார்கள்.

எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. மார்ச் 23 அன்று மூன்றாவது கூடையில் எறியும்போது அவள் கால் கோட்டைத் தாண்டி வழுக்கியது. ஜாபஸ் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். நான் எறும்பைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"எனக்கு ஒரு எறி சேத்துக்கோ. கால் தாண்டிடுச்சு" என்றாள்.

"யக்கா, அம்பயர் சம்பளமும் நீயே வாங்குறியா?" என்றான் ஜாபஸ்.

இது நடந்தது. கதையில் வைத்தால் பொம்மை மாதிரி இருக்கிறது. ஆகவே அவளுக்கு ஒரு குறை கொடுக்கப் பார்த்தேன். எழிலரசிக்குக் கோபம் வந்தால் யாரையும் (பொய். அழித்துவிட்டேன்.)

பிறகுதான் நினைவு வந்தது. குறையை நான் கொடுக்க வேண்டியதில்லை, அவளிடமே ஒன்று இருக்கிறது. அவளைப் பயந்தவள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

4

அதே ஞாயிறு, ஏழாவது கூடை. அந்தோணிராஜ் பூசைக்குப் போயிருந்தார். பந்தலில் கொத்துகள் கறுத்துத் தொங்கின. எழிலரசி குட்டித் தட்டைப் பையிலிருந்து எடுத்தாள்.

"ஏழாவது வந்தா மட்டும் அக்கா பாட்டி மாதிரி ஆடுது" என்றான் ஜாபஸ். "மாமாவைப் பாத்து பயமா, மரத்தைப் பாத்தா?"

அவள் குட்டித் தட்டைப் பைக்குள் வைத்தாள். மஞ்சள் நிறப் பெரிய தட்டை எடுத்தாள்.

அதற்கப்புறம் நடந்ததை என்னால் வியந்துதான் எழுத முடியும், மன்னிக்கவும். மூன்று எட்டு வைத்தாள். இடது கை உடம்பின் குறுக்கே போய்த் திரும்பியது. தட்டு இரண்டு மாமரங்களுக்கு இடையே புகுந்தது, ஓர் இலையும் அசையவில்லை. தேக்குக் கிளைகளுக்குக் கீழே படிந்து போனது. வெயிலில் ஒருமுறை மின்னியது, நிழலில் அணைந்தது, மறுபடி மின்னியது. ஜாபஸ் கேலி செய்ய வாயைத் திறந்தவன் மூடவில்லை. தட்டு கூடைக்குப் பக்கத்தில் வேகம் குறைந்து, எதையோ நினைத்துக்கொண்டதுபோல் வலப்பக்கம் சாய்ந்து, பந்தலுக்குள் நுழைந்தது.

அவள் போய்க் குனிந்து எடுத்தாள். தட்டின் விளிம்பில் சாறு. ஒரு கொத்து கிழிந்து தரையில் கிடந்தது.

"யாரும் பாக்கல," என்றான் ஜாபஸ். குரலில் கேலி இல்லை. "கொத்தை மண்ணைப் போட்டு மூடிடலாம். யக்கா, எல்லாக் கூடையும் போய்டும். ஞாயித்துக்கெயம என்ன பண்ணுவே?"

"துணி துவைப்பேன்" என்றாள்.

வாசல் கேட்டருகே ஒரு கையில் தட்டும் மறுகையில் கொத்துமாக நின்றாள். அந்தோணிராஜ் வண்டியை நிறுத்தி இறங்கினார்.

"பந்தலுக்குள்ள விழுந்துடுச்சு அங்கிள். நான்தான் எறிஞ்சேன். பெரிய தட்டு."

அவர் கொத்தை வாங்கி, உடையாத பழம் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

"இனிப்பு எறங்கிகீது" என்றார். பிறகு, "சொன்னா கயட்டச் சொல்வேன்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சிகினே சொல்றியா?"

அவள் தட்டின் விளிம்பிலிருந்த சாற்றை விரலால் துடைத்தாள்.

"அடுத்த ஞாயிறு வா. என்னான்னு சொல்றேன்."

5

இப்போது கையின் விஷயம். இப்படிக் குறுக்கே இழுத்து வீசும்போது, வலது கைக்காரரின் தட்டு கடைசியில் இடப்பக்கம் சாயும். இடது கைக்காரரின் தட்டு வலப்பக்கம். வகுப்பில் நான் வாசித்த எழிலரசி வலது கையால் எறிந்தாள். அவளுடைய தட்டு இடப்பக்கத் தேக்கில் மோதிச் சருகில் விழுந்திருக்க வேண்டும். கொத்து கிழிந்திருக்காது. கூடைகள் ஒன்பதும் அங்கேயே இருக்கும். கை தவறித்தான் எழுதினேனா, மனசார எழுதினேனா? எனக்கே தெரியவில்லை.

அப்படியே விட்டுவிடலாம் என்றும் ஒரு ஆசை. ஆனால் அந்த எழிலரசி கேட்டருகே நின்றிருக்க மாட்டாள். நான் வியந்த எறியும் அவளுடையது அல்ல. இடது கை என்று திருத்திவிட்டேன்.

முடிவுகள் இரண்டு எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: அந்தோணிராஜ் சிரித்து, அவள் தலையில் கை வைத்து (இல்லை. அவர் வாக்குக் கேட்டவர், அவள் கொடுத்தவள். இதில் இரண்டு பேருமே சிறுத்துப்போகிறார்கள்.)

முடிவு ஆ: ஒன்பது கூடைகளும் ஆட்டோவில் (இரண்டாவது வாக்கியம் எழுத வரவில்லை.)

அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. நாளைதான் அந்த ஞாயிறு. நீங்கள் அவராக இருந்தால், அந்தப் பழத்தைத் தின்றுவிட்டு என்ன சொல்வீர்கள்? எனக்கு முன்னால் நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம்.

சற்றுமுன் எழிலரசியிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "உங்க பட்டறையில இருந்து அந்த 14 ஸ்பேனர் கொண்டு வா. எல்லாத்தையும் கழட்டச் சொன்னாலும் அது வேணும். ஏழாவதை மட்டும் தள்ளி வைக்கச் சொன்னாலும் அதுதான் வேணும்."

நாளைய வேலை: காலையில் முதலில் பட்டறைக்குப் போய் ஸ்பேனரை எடுப்பது. செயினெல்லாம் துருப்பிடித்திருக்கிறது, போல்ட்டுகளும் அப்படித்தான் இருக்கும். சின்ன பாட்டிலில் தேங்காய் எண்ணெய் எடுத்துக்கொள்வது. அவர் பூசை முடிந்து வருவதற்குள் கேட்டருகே நிற்பது.